முள் ஏறினால் வண்டியை நிறுத்து

கத்திரி வெயில் மே 4ஐ ஒட்டித் தொடங்கிவிடும். அதற்குள் உன் பழைய புல்லட்டின் எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பது உனக்குத் தெரிந்தாக வேண்டும், தம்பி. தெரியாமல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஏற்றாதே. பின்சீட்டில் ஆளை வைத்துக்கொண்டு ஏற்றவே ஏற்றாதே. வண்டி தாத்தா விட்டுப்போனதாக இருக்கலாம், நீயே பணம் சேர்த்து வாங்கியதாகவும் இருக்கலாம். அதை எரித்துத் தீர்க்கும் உரிமை உனக்கு உண்டென்றே வைத்துக்கொள்வோம். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் எலும்புக்கு அந்த உரிமை செல்லாது.

புல்லட் 1955க்குப் பிறகு நம் சென்னைத் திருவொற்றியூரில் தயாராகி வந்த வண்டி. அதைப் பெற்ற இங்கிலாந்தின் ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. இங்கே மட்டும் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010ஐ ஒட்டிய காலம் வரை தயாராகிக்கொண்டே இருந்தது. இத்தனை காலமும் ஓட்டுபவர் கண்ணுக்குக் கம்பெனி கொடுத்தது என்ன? ஹெட்லைட் கூட்டின் மேல் ஒரு ஸ்பீடோமீட்டர், ஓர் ஆம்பியர் மீட்டர். பேட்டரி சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆம்பியர் மீட்டர் சொல்லும். எஞ்சின் வேகிறதா என்று சொல்ல எதுவுமே கிடையாது. அந்தக் காலத்து ரோட்டில் அது போதுமாக இருந்தது. மணிக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் யாரும் நாள் முழுக்க விரட்டவில்லை. நீ அதே எஞ்சினை நாற்கரச் சாலையில் கிருஷ்ணகிரி வரை 90இல் பிடித்து ஓட்டுகிறாய். இல்லையென்றால் கோயம்பேட்டு நெரிசலில் அரை மணி நேரம் முதல் கியரில் உருட்டுகிறாய். இரண்டுமே அந்த எஞ்சினுக்கு ஆகாதவை. முதலாவதில் உள்ளே பிறக்கும் சூடு அதிகம். இரண்டாவதில் அதை எடுத்துப் போகக் காற்று இல்லை.

அப்போது உள்ளே நடப்பதைப் புரிந்துகொள். 350 புல்லட்டின் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம், 70 மில்லிமீட்டர். பிஸ்டன் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 டிகிரி கூடினால் பிஸ்டனின் விட்டம் சுமார் 0.15 மில்லிமீட்டர் கூடும். பிளாக்கின் போர் 0.08தான் கூடும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். போதாததற்கு, நெருப்புக்கு நேர் கீழே நிற்கும் பிஸ்டன் எப்போதும் பிளாக்கைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே இடைவெளி சுருங்குகிறது. எண்ணெய்ப் படலம் கிழிகிறது. உலோகம் உலோகத்தைப் பிடிக்கிறது. பட்டறையில் இதைத்தான் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பார்கள், ஏதோ சளி பிடித்த மாதிரி சாதாரணமாக. உண்மையில் அந்த நொடியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது. பின்னால் லாரி வருகிறதா, வளைவில் இருக்கிறாயா, கை கிளட்சில் இருந்ததா என்பதை வைத்துத்தான் மிச்சம் முடிவாகும்.

இப்படி நடப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே எஞ்சின் சொல்லத் தொடங்கியிருக்கும். இழுவை மெல்லக் குறையும். ஏற்றத்தில் டிங் டிங்கென்று நாக்கிங் சத்தம் வரும். வலது முழங்காலில் அனல் அடிக்கும், கருகின எண்ணெய் வாடை வரும். ஆனால் ஹெல்மெட்டுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஓட்டைச் சைலன்சர் ஊரையே எழுப்பிக்கொண்டிருக்க, இதில் எது உன் காதில் விழப்போகிறது? அந்தக் காலத்து ஓட்டுநர் கருவி இல்லாமலே பிழைத்தார் என்றால், அவருக்குக் காது இருந்தது. உனக்கு அது இல்லை என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. காது இல்லாதவன் கண்ணுக்காவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்கிறேன்.

‘ஒரிஜினல் கெட்டுப்போகுமே’ என்று பழைய வண்டிப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். கருவி பார்த்து ஓட்டுவது நேற்று வந்த பழக்கமல்ல என்று அவர்களுக்குச் சொல். எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1938 வரிசையில் வந்த ட்ரயம்ஃப் ஸ்பீட் ட்வின்னின் பெட்ரோல் டேங்க் மேலேயே எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் உட்கார்ந்திருந்தது. பின்னால் ஹெட்லைட் கூட்டு வந்து அந்த மீட்டர் போனபோதும், அழுத்தம் இருந்தால் வெளியே துருத்தி நிற்கும் சின்னப் பொத்தான் ஒன்றை எஞ்சின் பக்கவாட்டில் வைத்தார்கள். ஓட்டுபவர் குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆகவே கருவி சேர்ப்பது தவறில்லை. எப்படிச் சேர்க்கிறாய் என்பதில்தான் உன் யோக்கியதை தெரியும்.

முதல் விதி, துளை போடாதே. ஹெட்டில் துளை போட்டு மரை வெட்டி சென்சார் வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்வார், ட்ரில்லையும் கையில் எடுத்துவிடுவார். கையைப் பிடி. பழைய ஹெட் இனி வார்க்கப்படப்போவதில்லை. காயலான் கடையில் கிடைப்பதும் முக்கால்வாசி விரிசல் விட்டதாகவோ மரை தேய்ந்ததாகவோ இருக்கும். ஹெட்லைட் கூட்டிலும் துளை வேண்டாம். ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்டு மீட்டரை மாட்டு. நாளை வேண்டாமென்றால் ஒரு ஸ்பானரில் கழற்றி, வண்டியைப் பழையபடி நிறுத்த முடிய வேண்டும். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் ஒரு பையில் போட்டு என்ன ஏதென்று எழுதி வை. 50 வருஷம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டியாகப் பதிய 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியும், சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்றே சொல்கிறது. விதிக்காக மட்டுமல்ல. உனக்கு முன்னால் மூன்று பேர் இதைக் கெடுக்காமல் வைத்திருந்ததால்தான் உன் கைக்கு வந்தது.

துளையே இல்லாமல் ஹெட்டின் சூட்டை அறிய நல்ல வழி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வைக்கும் வளையம், அதிலிருந்து மெல்லிய இரட்டைக் கம்பி, முனையில் மீட்டர். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்து ஒரு முனையைச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும் என்று ஜெர்மானியர் சீபெக் 1821இலேயே கண்டார். அதுதான் தெர்மோகப்பிள். பரவலாகக் கிடைக்கும் கே ரகத்தில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் 41 பங்கு. இவ்வளவு மெல்லிய குரலில் பேசுவதைக் கெடுக்காமல் கேட்க வேண்டும். நம் ஆட்கள் கெடுப்பதும் இங்கேதான். கம்பி நீளமாகத் தொங்குகிறதே என்று நடுவில் வெட்டுவார்கள். எட்டவில்லை என்றால் வீட்டில் கிடந்த செம்புக் கம்பியைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுவார்கள். முடிந்தது, அந்தக் கணத்திலிருந்து மீட்டர் பொய் சொல்லும், அதுவும் நம்பும்படியாகச் சொல்லும். நீளம் அதிகமென்றால் பெரிய வளையமாகச் சுற்றிச் சீட்டுக்கு அடியில் கட்டு. போதவில்லை என்றால் அதே ரக நீட்டிப்புக் கம்பியை, எது பிளஸ் எது மைனஸ் என்று பார்த்து இணை.

வளையத்தைப் போடும் முன் பிளக்கின் சொந்த வாஷரைக் கழற்று. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிளக் உள்ளே இறங்க வேண்டிய ஆழம் இறங்காது, கம்ப்ரஷன் கசியும், பிளக்கின் சூடும் ஹெட்டுக்கு ஒழுங்காகப் போகாது. ஹெட் அலுமினியம் என்பதை மறந்துவிட்டு ஸ்பானரில் பைப்பைச் சொருகி முறுக்கவும் கூடாது. கையால் கடைசிவரை திருகி, பிறகு ஸ்பானரில் அளவாக ஓர் இறுக்கு. கம்பி ஹெட்டின் துடுப்பில் உரசாமல், ஹேண்டில் திரும்பும்போது இழுபடாமல் போக வேண்டும். இதற்கு அரை நாள் ஒதுக்கு. டீ வருவதற்குள் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதே.

எண்ணெயின் சூட்டைக் காட்ட இதைவிட எளிய கருவி ஒன்று உண்டு. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் டிப்ஸ்டிக் தெர்மாமீட்டர். உன் எஞ்சினின் மரைக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு. ஓடும்போது அதைப் படிக்க முடியாது, நிறுத்திக் குனிந்துதான் பார்க்க வேண்டும். அது குறையல்ல. ஹெட் அவசரக்காரன், ஒரு மேட்டுக்கே முள் ஏறும், இறக்கத்தில் உடனே இறங்கும். எண்ணெய் நிதானமாகச் சூடேறும், சூடேற அரை மணி நேரம்கூடப் பிடிக்கும், ஏறியது லேசில் இறங்காது. நீ இந்த ஒரு மணி நேரமாக எப்படி ஓட்டினாய் என்பதற்கு எண்ணெயின் கணக்கையே நான் அதிகம் நம்புவேன்.

நம்புவதற்கு முன் சோதித்துப் பார். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வை, தெர்மாமீட்டரின் தண்டை அதில் பிடி, பாத்திரத்தின் அடியைத் தொட விடாதே. சென்னையில் 100 காட்ட வேண்டும். ஊட்டியில் வீடென்றால் 92, 93தான் காட்டும், அதுவே சரி. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அங்கேயே கொதித்துவிடும். சென்னையில் 88 காட்டினால் மீட்டரில் 12 டிகிரி பிசகு இருக்கிறது, திருப்பிக் கொடு. பிளக் வளையத்தையும் இப்படியே பார்க்கலாம். அமெரிக்க மீட்டர்களில் பாரன்ஹீட் இருக்கும், கவனி. அதில் 400 என்பது நம் கணக்கில் 204. துப்பாக்கி மாதிரி நீட்டிச் சூடு பார்க்கும் கருவி கையில் இருந்தால், பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டாதே, உள்ளதைவிடக் குறைத்தே சொல்லும். பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்த இடத்தில் காட்டு.

எண்ணெய் அழுத்த மீட்டரும் வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா? வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு நான் அதை அவ்வளவாகச் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் பிளஞ்சர் பம்ப் துடிப்புத் துடிப்பாகத் தள்ளுவது. முள் நடுங்கிக்கொண்டே இருக்கும், நீ பார்த்துப் பயந்துகொண்டே இருப்பாய். எண்ணெய் மேலே போகிறதா என்று அறிய, எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ராக்கருக்குப் போகும் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கும் பழைய பட்டறை வழக்கம் போதும். பிடிவாதமாக அழுத்த மீட்டரே வைப்பதென்றால் மலிவு நைலான் குழாயில் வைக்காதே. அது சைலன்சர் பைப்பில் பட்டு உருகினால் எஞ்சின் எண்ணெய் பின் டயரில் பீய்ச்சும். அப்படி விழுபவன் எஞ்சினைக் காப்பாற்றக் கருவி வைத்தவன் என்று யாரும் ஆறுதல் சொல்லமாட்டார்கள். மின்சாரத்தில் ஓடும் எந்த மீட்டருக்கும் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் போடு. நாற்பது வருஷத்து வயரிங்கில் சுமை ஏற்றுகிறாய், டேங்க் அதற்கு நேர் மேலே இருக்கிறது.

சரி, மாட்டியாயிற்று. எத்தனை டிகிரி வரை போகலாம் என்று கேட்பாய். எண்ணெய் 90இலிருந்து 110 வரை இருந்தால் நிம்மதி. 120ஐத் தாண்டினால் வேகத்தைக் குறை. 130 என்றால் பேச்சே இல்லை, நிறுத்து. மினரல் எண்ணெய் அந்தச் சூட்டில் மெலிவதோடு சீக்கிரம் கெட்டும் போகும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. கனெக்டிங் ராடின் அடியில் ஃப்ளோட்டிங் புஷ் இருக்கும் பழைய புல்லட்டுக்கு அந்த எண்ணெய்ப் படலம்தான் எல்லாம். பிளக் வளையத்துக்கு மட்டும் ஊரார் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. வளையம் எப்படி உட்கார்ந்திருக்கிறது, காற்று எப்படிப் படுகிறது என்பதைப் பொறுத்து வண்டிக்கு வண்டி மாறும். முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுது: காலையில் 60இல் எவ்வளவு, மத்தியானம் நெரிசலில் எவ்வளவு, மேட்டில் எவ்வளவு. உன் வண்டியின் வழக்கம் பிடிபடும். அதற்குமேல் 20, 25 டிகிரி ஏறிய நாளில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்.

தெரிந்துகொண்டும் போய்க்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இவ்வளவும். பிரஷர் மெஷின் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு ஊறுகாயை வழித்துத் தின்பவரைப் போல, முள் சிவப்பில் நிற்க, ‘அந்த வளைவு வந்ததும் நிறுத்திக்கலாம்டா, குரூப் முன்னாடி போயிட்டாங்க’ என்று முறுக்குவார்கள். கருவி இல்லாதவன் சீஸ் ஆக்கினால் தெரியாமல் செய்தான். பார்த்துக்கொண்டே ஆக்கியவனை என்ன சொல்வது? குழுவாகப் போகும்போது பின்தங்கினால் கேலி செய்யும் நண்பர்கள் இருந்தால், கிளம்பும் முன்பே சொல்லிவிடு: முள் ஏறினால் நான் நிற்பேன், நீங்கள் போய் டீ குடித்துக்கொண்டிருங்கள். சொல்ல முடியாத கூட்டத்தோடு மலைக்குப் போகாதே.

நிற்பதையும் ஒழுங்காகச் செய். முறுக்குவதை விட்டு, இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டு, நிழல் பார்த்து நிறுத்து, எஞ்சினை அணை. நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விடாதே. காற்று ஓடாத எஞ்சின் இன்னும் வேகும். தண்ணீர் ஊற்றாதே, சூடேறிய வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். ஓடும்போதே பிடித்துக்கொண்டால் யோசிக்காமல் கிளட்சைப் பிடி, அதன்பிறகுதான் மற்றதெல்லாம். ஆறிய பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார். இலகுவாகச் சுற்றாவிட்டால் மிதித்து உடைக்காதே, வண்டியை ஏற்றிப்போக ஆள் கூப்பிடு. இன்னொன்று: வளைவில் முள்ளைப் பார்க்காதே. நேர் ரோட்டில் ஒரு கணம் பார்த்தால் போதும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் விட்டவர்களும் உண்டு.

பிறகு காரணத்தைத் தேடு. மீட்டர் மருந்தல்ல. சைலன்சரை மாற்றி, மிக்கார்ப் கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றாமல் விட்டிருப்பாய். பெட்ரோல் குறைந்த கலவை சூட்டை ஏற்றும், பிளக் வெளுத்திருக்கும். கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று கசியும். பாயிண்ட் தேய்ந்து டைமிங் தள்ளிப் போயிருக்கும். பிரேக் விடாமல் பிடித்திருக்கும். துடுப்புகளுக்கு நடுவே சேறு காய்ந்திருக்கும், இல்லையென்றால் அழகுக்காகப் பூசிய தடித்த பெயின்ட். எண்ணெய் அளவை வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் பார்; பல நாள் நின்ற புல்லட்டில் எண்ணெய் கிராங்க் பக்கம் இறங்கி, டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் அளவு மிஞ்சும்.

மெக்கானிக் அண்ணன்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. ‘பழைய வண்டி, அது அப்படித்தான் இருக்கும் தம்பி’ என்று அனுப்பிவிடாதீர்கள். உங்களைத் தெய்வமாக நம்பும் பையன் அதைக் கேட்டுவிட்டு மலை ஏறுகிறான். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், மரியாதை குறையாது. செத்துப்போன மீட்டரை ‘ஷோவுக்கு இருக்கட்டும்’ என்று விட்டுவைக்காதீர்கள். 80இல் உறைந்த முள்ளைப் பார்த்து ஒருவன் தைரியமாக ஓட்டுவான். சரிசெய்யுங்கள், இல்லையேல் கழற்றிக் கொடுங்கள்.

விற்கும்போதும் இதே நேர்மை வேண்டும், தம்பி. பிஸ்டன் பிடித்துப் போர் போட்டு ஓவர்சைஸ் ஏற்றிய வண்டி என்றால் வாங்குபவரிடம் முதலிலேயே சொல். மீட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, சூடாகும் வண்டியை வாயைத் திறக்காமல் தள்ளிவிடுவது திருட்டுக்குச் சமம். அந்த நோட்டையும் கழற்றிய சாமான் பையையும் சாவியோடு சேர்த்துக் கொடு. விலை சில ஆயிரம் குறையலாம், குறையட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருக்கும் மலைப் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப் போடு. முதலில் பிளக்கைக் கழற்று, நிறத்தைப் பார், வாஷரை எடு.